சூசைதாசனின் இங்கிலாந்து வேலி

என் கணவர் சூசைதாசனோடு பத்து நிமிடம் இருந்து கதைத்த எவருக்கும் இங்கிலாந்தின் நாட்டுப்புறம் மனப்பாடமாகியிருக்கும். இங்கே கனடாவில், மல்வேர்னில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், செத்தவீட்டில் கோப்பி குடிக்கும்போதும் கதையை எப்படியாவது அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். இத்தனைக்கும் லண்டனை இவர் சரியாகக் கண்டதில்லை. வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் பெற்றோல் ஷெட்டில் வேலை பார்த்தவர். கலியாணம் முடித்து நானும் அங்கேதான் போய்க் குளிரில் நடுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னை நடக்கக் கூட்டிப்போவார். கோதுமை வயலை ஊடறுத்து ஒற்றையடிப் பாதை போகும். வயல் யாரோ ஒருவருடையது, பாதை எல்லோருக்குமானது. வயல்காரனே மறிக்க முடியாது. படலையைத் திறந்தால் திரும்பச் சாத்தவேண்டும், எதிரே வருகிறவரிடம் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அவ்வளவுதான். வயலைச் சுற்றி முள்ளுச்செடியில் உயிர்வேலி. வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கும், உள்ளே குருவிகள் கூடு கட்டும். பாதை போய் வேலியில் முட்டுமிடத்தில் ஏறி இறங்க ஒரு மரப்படி இருக்கும். இவர் அதில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

"பார் றோஸ், மாட்டை மறிக்கிறாங்கள். மனிசரை மறிக்கேல்லை."

எனக்கோ சப்பாத்து முழுக்கச் சேறு. வீட்டுக்குப் போய் யார் கழுவுவது என்பதுதான் என் யோசனை.

பிறகு என் அண்ணன் பேனாட், மல்வேர்னுக்குப் பக்கத்தில் ரூஜ் என்ற இடத்தில் புது வீடு வாங்கினார். பக்கத்து வீட்டை நாங்கள் வாங்கிக்கொண்டு கனடாவுக்கு வந்தோம். இரண்டு பின்வளவுக்கும் நடுவே வெறும் புல். தெருவில் எல்லோரும் செய்வதுபோல ஆறடிப் பலகை அடிப்போம் என்றார் அண்ணன். இவர் கேட்கவில்லை.

"சவப்பெட்டிக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிக்க என்னால ஏலாது, மச்சான்."

ஹோதோர்ன் என்ற அந்த முள்ளுச்செடியை எங்கிருந்தோ எடுப்பித்து எல்லை நெடுக நட்டார். பென்சில் தடிப்பில் குச்சிகள். முதல் பனிக்காலத்தில் முயல் தின்றது, அடுத்ததில் பனி முறித்தது. இவர் சளைக்காமல் திரும்பத் திரும்ப நட்டார். அண்ணன் ஒவ்வொரு வசந்தமும் அளவுநாடாவோடு வந்து, முள்ளு தன் பக்கம் விரலளவாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். யாழ்ப்பாணத்தான் எந்தத் தேசத்துக்குப் போனாலும் எல்லை விஷயத்தில் மட்டும் மாறமாட்டான்.

எனக்கு வேலியும் வேண்டாம், பலகையும் வேண்டாம். அண்ணியிடம் போய்வர ஒரு பொட்டு இருந்தால் போதும். வேலியில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு விடுகிற இடைவெளியை நாங்கள் பொட்டு என்போம். அதைக் கேட்டால் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"பொட்டு விட்டால் அது வேலியே இல்லை, றோஸ். படி கட்டித்தாறன்."

கட்டியும் தந்தார். வேலி இடுப்பளவுக்கு வந்தபோது நட்ட நடுவில் இங்கிலாந்துப் படி எழும்பியது. அண்ணனின் முழங்கால் அதில் ஏறாது. சேலையோடு நான் ஏறமாட்டேன், கறிச்சட்டியோடு அண்ணி ஏறமாட்டாள். எல்லோரும் முன்வாசலால் இறங்கி றோட்டால் சுற்றித்தான் போனோம். பனிக்காலத்தில் சட்டியைத் தூக்கிக்கொண்டு சறுக்கிச் சறுக்கிப் போகும்போது நான் இவரைத் திட்டாத நாளில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தது. இவருக்கு ஒரே தங்கச்சி, பெயர் ஜோசப்பின்; அவள் பிள்ளைகளோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். தை மாதத்தோடு அவளுடைய போன் நின்றுபோனது. அண்ணன் வேலை முடிந்த கையோடு டவுன்ரவுனுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு சனமாக றோட்டில் நின்றார். இவரும் போனார், கத்திக் குரல் கட்டிப்போய் வந்தார், பிறகு போவதை விட்டுவிட்டார். ரீவிக்கு முன்னால் இருந்துகொண்டு சனலை மாற்றிக்கொண்டே இருப்பார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் எடுப்பார். அவளைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

பனி கரைந்த ஏப்ரலில் ஒருநாள் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு இறங்கினார். வேலி பின்னும் பருவமாம். ஒவ்வொரு தண்டையும் அடியில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி, முறியாமல் சரித்து, பக்கத்துத் தண்டோடு பின்னவேண்டும். பார்க்கிறவருக்குக் கொலை செய்வதுபோல இருக்கும். அண்ணன் அப்போதுதான் டவுன்ரவுனிலிருந்து வந்தார். கையில் சுருட்டிய பதாகை.

"அங்க சனம் சாகுது. நீ இஞ்ச வெள்ளைக்காரன்ர வேலி பின்னுறாய். உன்ர சொந்தத் தங்கச்சியடா."

இவர் நிமிரவில்லை. "பட்டையில கொஞ்சம் ஒட்டியிருந்தாப் போதும். பிழைச்சிடும்."

அண்ணன் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். அதோடு கதை பேச்சு நின்றது. இரவுச் சாப்பாட்டுக் கோப்பையை இவர் முன்னால் நக்கென்று வைத்தேன்.

"உங்களுக்கு நெஞ்செண்டு ஒண்டு இருக்கோ?"

"நான் என்னத்தைச் செய்ய, றோஸ்? றோட்டில நிண்டு கத்தினன். ஆரும் கேக்கேல்லை. இந்த முள்ளாவது சொன்னாக் கேக்குது."

கையெல்லாம் கீறல். மருந்து பூச விடவில்லை.

மே மாதம் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அன்று இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் அழுதது இந்தப் பக்கம் கேட்டது. இவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார், இறங்கி அந்தப் பக்கம் போகவில்லை. ஜோசப்பின் இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை. இந்த அழகில் வேலி தளிர்த்து, மாதக் கடைசியில் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பூ உதிரும் முன்னர் வவுனியாவிலிருந்து போன் வந்தது. இவருடைய சித்தியின் மகள் கிறிஸ்ரினா.

"அண்ணை, ஜோசப்பினக்காவைக் கண்டனான். முகாமில இருக்கிறா. பிள்ளையளும் இருக்குதுகள்."

நான் வாய்விட்டு அழுதேன். இவர், "கதைச்சியோ? என்ன சொன்னவள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"முள்ளுக்கம்பிக்கு இஞ்சால நான், அங்கால அவா. கையை நீட்டினா எட்டிற தூரம், அண்ணை. ஒரு சோத்துப் பார்சல் குடுக்க விடேல்லை. வெளியில எப்ப விடுவாங்களெண்டும் தெரியாது."

இவர் போனை வைத்தார். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு போனார். நான் அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். முழங்காலை இழுத்துக்கொண்டு றோட்டால் சுற்றி அவர் ஓடிவந்தார். ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் எங்கள் வீட்டில் கால் வைத்தார். இருவருமாகப் பின்வளவுக்குப் போனோம்.

படி பெயர்ந்து புல்லில் கிடந்தது. இவர் முழந்தாளில் நின்று வேலியின் நடுவை மரம் அரியும் வாளால் அறுத்துக்கொண்டிருந்தார்.

"விசரே உனக்கு? பூத்து நிக்கிற வேலி" என்றார் அண்ணன்.

"ஆள் போய்வர வேணும்."

"மச்சான்…"

"எட்டித் தொடுற தூரத்தில நிண்டவளாம். ஒரு பொட்டு இல்லை, மச்சான். ஒரு பொட்டு இல்லை."

அண்ணன் மெல்லக் குனிந்து, அறுத்த முள்ளுக் கொப்புகளை வெறுங்கையால் இழுத்து எறியத் தொடங்கினார். வழி திறந்ததும் அதனூடாகத் தன் வளவுக்குப் போனார். திரும்பவும் எங்கள் வளவுக்கு வந்து இவருக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

ஐந்து வருடமாக நான் நச்சரித்துக் கேட்ட பொட்டு அது. பின்னேரம் அண்ணி அந்தப் பக்கம் நின்று தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். எனக்கு அதற்குள்ளால் நுழைய மனம் வரவில்லை. றோட்டால் சுற்றித்தான் போனேன்.