பயணி செய்த செலவு

எனக்குக் கிடைத்த முதல் வேலை, மலை பார்க்க வந்தவர்களிடம் போய் "எவ்வளவு செலவு செய்தீர்கள்?" என்று கேட்பது. பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வடக்கனந்தலில் வீட்டோடு கிடந்தேன். வருகிறவர் போகிறவரெல்லாம் "இன்னும் ஒண்ணும் ஆவலியா?" என்று கேட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேலையைக் கேட்கிறார்களா கல்யாணத்தைக் கேட்கிறார்களா என்றுகூடத் தெரியாது. அப்போதுதான் எனக்குக் கல்லூரியில் பாடம் எடுத்த பேராசிரியர் ஆள் அனுப்பினார். அரசுக்காக ஒரு சுற்றுலா ஆய்வு, மூன்று மாதத் தற்காலிக வேலை. கல்வராயன் மலை என்றதும் மற்றவர்கள் எல்லாம் நழுவிவிட்டார்களாம். அடிவாரத்துப் பெண்தானே என்று அதை என் தலையில் கட்டினார். நானும் சந்தோஷமாகவே தலையைக் கொடுத்தேன்.

பயிற்சி நாளில் அவர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். மலையில் எந்த இடத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், வந்து எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ரோடு எதுவரை போடுவது, பஸ் எதுவரை விடுவது என்று முடிவாகும். "சும்மா வேடிக்கை பாத்துட்டுப் போறவனுக்காக யாரும் தார் ஊத்த மாட்டாங்கம்மா. அவன் பையிலேருந்து காசு எறங்கணும்" என்றார்.

படிவத்தில் இரண்டு பகுதி இருந்தது. ஒன்று வந்தவர்களுக்கு: சாப்பாட்டுக்கு எவ்வளவு, தங்கியதற்கு எவ்வளவு, வாங்கிய பொருளுக்கு எவ்வளவு. இன்னொன்று உள்ளூர்க்காரர்களுக்கு: பயணிகளால் உங்களுக்குக் கிடைத்த வருமானம் என்ன. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. கைமாறிய பணத்தை மட்டும் எழுதவும், உத்தேச மதிப்பு கூடாது. அந்தக் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் அப்போது அப்படிப்பட்டவள். பரீட்சையில் பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்த்தால் விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொள்கிறவள். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

ஜீப் போகிற பாதை முடிந்த இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் அருவி. அருவிக்கு மேலே இருபது வீடுகள் இருக்கும் ஒரு ஊர். அங்கே ஒரு வீட்டில் தங்கினேன். அந்த வீட்டுப் பெண் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் அக்கா என்றேன். படித்தவளாகத் தெரிந்தால் அங்கே எல்லாரும் டீச்சர்தான். அதனால் நான் டீச்சரம்மா ஆனேன்.

அக்காவின் கணவருக்குக் காசநோய். வாரத்துக்கு இரண்டு ஊசி, கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில். விடிவதற்கு முன்பே இறங்கி நடந்து, அடிவாரத்தில் பஸ் பிடித்துப் போய், ஊசி போட்டுக்கொண்டு, திரும்பவும் மலையேறி வர வேண்டும். நல்ல உடம்புக்காரனுக்கே முட்டி கழன்றுவிடும். அவர் பத்தடிக்கு ஒரு தடவை நின்று இருமுகிற ஆள். முன்பு ஒரு முறை நடக்க முடியாமல் பாதியில் ஊசியை விட்டு, நோய் இன்னும் முற்றித் திரும்பி வந்திருந்தது.

"இந்தத் தபாவும் வுட்டா அப்பால எங்க கையில இல்லேன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க" என்றாள் அக்கா. "பஸ்ஸு மட்டும் வந்துச்சின்னா குந்திகினே போயி குந்திகினே வந்துருவாரு. நீங்க எழுதினா வருமா டீச்சரம்மா?"

"வரும்க்கா" என்றேன். என்ன தைரியம் எனக்கு! ஒரு தற்காலிக வேலைக்காரி, பை நிறையப் படிவம், கையில் ஒரு பேனா. என்னமோ தாரும் ஜல்லியும் என் வீட்டுக் கொல்லையில் கொட்டிக் கிடப்பதுபோல் சொன்னேன்.

ஆட்கள் வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது முப்பது பேர் வந்தார்கள். ஆனால் கீழேயிருந்தே புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து, குளித்து, தின்று, இலையை அங்கேயே வீசிவிட்டுப் போனார்கள். வாங்குவதற்கும் அங்கே ஒன்றும் இல்லை. மழைக்கு ஒதுங்கினவர்களுக்கு ஊர்க்காரர்கள் களியும் கீரையும் போட்டார்கள், தேன் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. நான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு நாள் சேலத்திலிருந்து இரண்டு குடும்பங்கள் வந்தன, குழந்தைகளோடு எட்டுப் பேர். சாயங்காலம் கூட்டிப்போக ஜீப் வர வேண்டும். வரவில்லை. மறுநாள் கீழே போய்த் திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார்:

"ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க. புளிய மரம் புளிய மரமா சாஞ்சி கெடக்குது. ஒரு வண்டி ஓடல."

எங்கள் சாதிக்காரர்களின் இடஒதுக்கீட்டுப் போராட்டம். வரும் என்று எங்களுக்குத் தெரியும். என் அண்ணனே ஒரு மாதமாகக் கூட்டம் கூட்டமென்று போய்க்கொண்டிருந்தான். ஆனால் ஒரு வாரம் இப்படிக் கைகாலைக் கட்டிப் போட்டதுபோல் ஆகும் என்று நினைக்கவில்லை.

அந்த ஒரு வாரமும் அந்த எட்டுப் பேருக்கும் எனக்கும் ஊர் சோறு போட்டது. அது புரட்டாசி. கொல்லையில் சாமை கதிர் பிடித்து நிற்கிறது, அறுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. போன வருடத்துச் சாமை கூடையின் அடியில் கிடக்கிறது. மலையில் வருடத்திலேயே பசி பிடித்த மாதம் அதுதான். அப்படியும் ஒரு வீடு மாற்றி ஒரு வீடு முறை வைத்துப் பொங்கிப் போட்டார்கள். வந்தவர்கள் தின்று எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். மூன்றாம் நாள் அக்கா உட்கார்ந்தபோது பானையில் என்ன மிச்சம் இருந்தது என்று நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் அவருக்கு இரண்டு ஊசியும் தவறின. முதல் ஊசி நாளில் பஸ் இல்லை என்று தெரிந்தும் இறங்கிப் போனார். அடிவாரத்தில் மூடிய கடை வாசலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே ஏறி வந்தார். வந்ததும் சுவரோடு சாய்ந்துவிட்டார். அடுத்த ஊசி நாளில் அவர் எழுந்திருக்கவே இல்லை.

எட்டாம் நாள் ஜீப் வந்தது. சேலத்துக்காரர் நல்ல மனிதர். அக்கா முன்னால் வந்து பர்ஸைத் திறந்து நோட்டுகளை எடுத்து நீட்டினார். அவள் நெருப்பைக் கண்டதுபோல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னாங்க இது? வூட்டுக்கு வந்தவங்க துன்ன சோத்துக்கு வெல போடறதா?"

அவர் பணத்தை உரல் மேல் வைத்துவிட்டு நடந்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு ஓடி, அவருடைய மகள் தோளில் மாட்டியிருந்த பையில் திணித்துவிட்டு வந்தாள்.

நான் விடுவேனா? ஜீப் நின்ற இடம் வரை கூடவே போய், ஒரு பாறை மேல் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன். சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று கேட்டேன்.

அவர் சங்கடப்பட்டார். "என்னம்மா சொல்றது? வாங்க மாட்டேங்கறாங்களே. ஒரு வாரம் லாட்ஜுல தங்கி ஓட்டல்ல சாப்பிட்டிருந்தா என்ன ஆயிருக்குமோ, அதைப் போட்டுக்கங்களேன். அதானே நியாயம்?"

அவர் துணிக்கடை வைத்திருப்பவர். பொருளாதாரம் படிக்காதவர். படித்த நான் அந்தச் சின்ன எழுத்துக் குறிப்பை விரலால் தொட்டுக் காட்டினேன். "உத்தேசமா எழுதக் கூடாதுங்க சார்" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாப்பாடு, ஒன்றுமில்லை. தங்கல், ஒன்றுமில்லை. அன்றைக்கே ஊருக்குத் திரும்பி இருபது வீட்டுப் படிவங்களையும் முடித்தேன். பயணிகளால் கிடைத்த வருமானம், ஒன்றுமில்லை. பசி மாதத்தில் ஒரு ஊர் தன் கூடையைத் தட்டிக் கவிழ்த்துப் போட்ட ஒரு வாரச் சோற்றை, நான் இருபது தாளில் அழகான கையெழுத்தில் இல்லாமல் ஆக்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் உள்ளங்கையில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தான். கோடாலி பிடித்த கை. மலைமேல் ஒருத்தருக்கு ஊசி தவறிப்போனது, உன்னால்தான் என்று கத்தினேன்.

"நான் இன்னா அந்தாளுக்கு ஊசி போடாதேன்னா சொன்னேன்?" என்றான். "ஐ.டி.ஐ. முடிச்சி நாலு வருசமா குந்திகினு கீறேன். எங்கள எவன் திரும்பிப் பாத்தான்? போலீசு துப்பாக்கியில சுட்டு ஆளு செத்துகினு கீறாங்க, நீ மரத்துக்கு அழுவுற."

அவன் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் அவன் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. மரத்தை ஒரு வாரத்தில் அப்புறப்படுத்திவிட்டார்கள், பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் எழுதியதை அப்புறப்படுத்தத்தான் ஆள் இல்லை.

படிவங்களைக் கொடுத்தபோது பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வரிசையா ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு இருக்கு?" என்றார்.

"அதான் சார் உண்மை" என்றேன். அவர் படிவங்களைக் கட்டி ஓரமாக வைத்தார். வேறொரு மலைக்குப் போட்டிருந்த ஆளும் அன்று வந்திருந்தார். அவருடைய படிவங்களில் எல்லாரும் எல்லாவற்றையும் வாங்கியிருந்தார்கள். வெளியே வந்ததும் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் மலையே ஏறலம்மா. கீழ டீக்கடையில குந்தியே முடிச்சிட்டேன்." அவர் எழுதிய மலைக்கு ரோடு போனது. எங்கள் அருவியைப் பற்றி அறிக்கையில் ஒரே வரி: பயணிகள் வருகை இருந்தும் செலவு இல்லை, உள்ளூர் மக்களுக்குப் பொருளாதாரப் பயன் இல்லை. என் படிவத்திலிருந்து வந்த வரி. அதை அச்சில் பார்த்தபோது ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடிக்காக இன்றும் என்னையே எனக்குப் பிடிப்பதில்லை.

மறுபடி மலைக்குப் போகவில்லை. வடக்கனந்தலிலிருந்து வாசலில் நின்றாலே மலை தெரியும். போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது? பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு அச்சகத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து, நாடு முழுக்க மறுபடியும் இடஒதுக்கீடு பற்றியே பேச்சாக இருந்த நேரம். ஒரு வேலையாகத் தாலுகா அலுவலகம் போனேன். சாதிச் சான்றிதழ் வாங்குகிற வரிசையில் அக்கா நின்றிருந்தாள். பெண்ணை ஹாஸ்டலில் சேர்க்க அந்தத் தாள் வேண்டுமாம். இது மூன்றாவது தடவை இறங்கி வருவது என்றாள். அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டு, "டீச்சரம்மா!" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு?" என்றேன்.

"அந்த வருசமே பூட்டாருங்க. தை மாசம். அப்பால ஊசிக்கே போவல, எறங்க முடியல அவரால."

அவள் என் கையை விடாமலே, வெறும் விசாரிப்பாக, குத்தல் எதுவும் இல்லாமல் கேட்டாள்: "நீங்க எழுதிகினு போனீங்களே, அது இன்னா ஆச்சுங்க?"

இனியும் ஒளிக்க எனக்குத் தெம்பில்லை. "வந்தவங்க யாரும் ஒரு செலவும் பண்ணலேன்னு எழுதிட்டேன்க்கா. நீங்க அவங்ககிட்ட ஒண்ணுமே வாங்கலேன்னு எழுதிட்டேன். அதனாலதான் ரோடு வரல. அதனாலதான் பஸ் வரல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் போதும் என்றிருந்தது. ஆனால் அவள் முகம் தெளிந்தது.

"நாம ஒண்ணும் வாங்கலதானேங்க? சரியாத்தான் எழுதிக்கீறீங்க" என்றாள். "அந்த சேலத்துக்காரரு காசு நீட்டினத வெச்சி, வாங்கிகினோம்னு எழுதிட்டீங்களோன்னு கடைசி வரைக்கும் எங்க வூட்டுக்காரருக்கு ஒரே மனக்கஷ்டம். சொல்லிகினே கெடந்தாரு."