ஒரகடத்தில் நான் தவறாக அளந்த கண்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரகடம் போனேன். சுற்றிப்பார்க்க அல்ல. தொழிற்சாலைக் கண் முகாம்களுக்கு விழித்திரைக் கேமராவைக் கொண்டுபோய் இயக்குவது என் வேலை. கண்ணுக்குள் படமெடுத்து, ரத்தக்குழாயின் அகலத்தை அளந்து சொல்லும் கருவி அது. இப்படிக் கருவியோடு பயணம் போகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பூந்தமல்லியில் காலை 6.40க்குப் பஸ். ஸ்ரீபெரும்புதூர் இருபது கிலோமீட்டர்தான். இருங்காட்டுக்கோட்டை நெரிசலில் ஒரு மணி நேரம் பிடித்தது. அங்கிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா சார், இன்னும் ரெண்டு பேரு குந்தணும். பின்னால போடு, ஒண்ணும் ஆவாது" என்றார் டிரைவர். போட்டேன். லாரி ஓடிப் பள்ளமான சாலையில் பெட்டி வழியெல்லாம் குதித்தது.

தொழிற்சாலையில் எட்டரைக்கே வரிசை நின்றிருந்தது. முதலில் அளவு தெரிந்த மாதிரிக் கண் ஒன்றை வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும், பத்து நிமிட வேலை. நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவதாக உட்கார்ந்தவள் செல்வி. அம்பாசமுத்திரத்துப் பெண், இருபத்துமூன்று வயதிருக்கும். திரையில் குழாய்கள் ஒடுங்கித் தெரிந்தன. முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நான் முந்திக்கொண்டேன். "ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்மா. பிரஷர் இருக்கலாம்." பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், சர்டிபிகேட் கொண்டுவரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அப்போதே அனுப்பிவிட்டார்.

எட்டாவது ஆளுக்கும் அதே ஒடுக்கம் தெரிந்தபோதுதான் உறைத்தது. மாதிரிக் கண்ணை வைத்துப் பார்த்தேன். அதையும் குறைத்தே காட்டியது. லென்ஸ் நகர்ந்திருந்தது. சரிசெய்து, "தூசி" என்று பொய் சொல்லி, எல்லோரையும் மறுபடி அளந்தேன். செல்வி மட்டும் இல்லை.

மதியம் அவள் தங்கியிருந்த அறையைத் தேடிப் போனேன். ஊருக்குப் போகப் பை கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அம்மைக்கு போன் போட்டுட்டேன். அழுதுகிட்டு கெடக்கா" என்றாள்.

"சூப்பர்வைசருக்கு லெட்டர் எழுதித் தர்றேன்மா."

"எல்லாரு முன்னால வச்சுதான என்கிட்ட சொன்னிய? அங்கயும் அப்படியே சொல்லுங்கண்ணே."

இருவரும் தொழிற்சாலைக்குத் திரும்பி நடந்தோம். சூப்பர்வைசரும் வரிசையில் நின்றவர்களும் கேட்க, "கருவிய சரிபார்க்காம ஆரம்பிச்சது என் தப்பு. தூசின்னு சொன்னதும் பொய்" என்றேன். காது எரிந்தது. செல்வியை மறுபடி அளந்தேன். அகலம் சரியாக இருந்தது. டாக்டரும் பார்த்து ஒன்றுமில்லை என்றார். மறுநாள் ஷிப்ட்டில் அவள் பெயரைப் போட்டார்கள்.

செல்வி நன்றி சொல்லவில்லை. "அம்மைட்ட நீங்களே பேசுங்க" என்று போனை நீட்டினாள்.

"நெசமாத்தான் சொல்லுதியளா? காலைல வேற மாதிரி சொன்னியளாமே" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

கருவியோடு போகிறவர்கள் தனி ஆட்டோ பிடியுங்கள், இருநூற்றைம்பது கேட்பார்கள். வரிசை எவ்வளவு நீண்டாலும் மாதிரிக் கண்ணை முதலில் வையுங்கள். தவறிவிட்டால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஊருக்கு போன் போன பிறகு, ஒன்றுமில்லை என்று சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை.