அக்கா தனியாக நடந்த திட்டு

சளிக்கு ஆவி பிடிக்க இன்று நொச்சி இலையைக் கொதிக்க வைத்தேன். அந்த வாசம் வந்ததும், வீரபாண்டிக்குக் கீழே முல்லையாற்றின் நடுவில் நாங்கள் குடியிருந்த சின்னத் திட்டு நினைவில் எழுந்தது. அங்கே அப்பா ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் இருந்தார். பிறவியிலேயே பார்வையில்லாத என் அக்கா, சாயங்காலமானால் நொச்சிப் புதரைத் தடவி, நாணலைக் கையால் அளைந்து, மருதமரத்தில் அடையும் காக்கைகளைக் கேட்டபடி, திட்டு முழுவதையும் தனியாகவே சுற்றி வருவாள். “தண்ணிச் சத்தம் கிட்டத்துல கேட்டா திரும்பிரு ஆத்தா” என்பதைத் தவிர அம்மா அவளுக்கு வேறெதுவும் சொன்னதில்லை.

ஓர் ஐப்பசியில் வெள்ளம் ஏறியபோது எங்களைப் பரிசலில் கரையேற்றினார்கள். தண்ணீர் வடிந்து பார்த்தால் திட்டே இல்லை. தேனியில் ஒரு சந்துக்குள் குடிவந்தோம். முதல் நாள் சாயங்காலம் அக்கா வழக்கம்போல வாசலில் இறங்கினாள். எல்லாப் பக்கமும் வண்டிகளின் இரைச்சல். அப்படியே நின்றுவிட்டாள்.

“இங்கன எம்புட்டுத் தூரம் நடக்கலாம்மா?”

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா மெதுவாகக் கையை உருவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அதன்பிறகு நடக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதே இல்லை.