சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் நாலு மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அங்கிருந்து பஸ்ஸில் திண்டுக்கல் வருவதற்குள்தான் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். உச்சி வெயில்.

பக்கத்தில், அருகிலுள்ள எரியோடு ஊரைச் சேர்ந்த அம்மா ஒருவர். பேத்தி பிறந்து ஒரு மாதம் கழித்து, இன்றுதான் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் கிளம்புகிறார். உதடு வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வேண்டாம் என்கிறார். நான் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் வந்தேன் என்றதும் நெருங்கி உட்காருகிறார்.

"ஏந்தாயி, அம்புட்டுத் தூரத்துல எங்கயாச்சும் செத்த நேரம் நிப்பாட்டுவாங்களா?"

"கடலுக்கு மேல எங்கக்கா நிப்பாட்டுறது?"

"அதான் நேத்துல இருந்து தண்ணி குடிக்கல. ஒதுங்க எடம் வேணுமேன்னு மாப்பிள்ளைகிட்டயா கேக்க முடியும்? பிரசவத்துக்கு டிக்கெட் போடுறேன்னாரு. இதுக்குப் பயந்துதான் வரலைன்னுட்டேன்."

"பிளேனுக்குள்ளயே கக்கூஸ் இருக்குக்கா. நானே ரெண்டு தடவ போனேன்."

என் முகத்தையே பார்க்கிறார். பிறகு பாட்டிலை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறார்.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்கிறார்: "இது தெரியாமத்தான் எம்மகள அங்க ஒத்தையில பெத்துக்க விட்டுட்டேன்."