ஐம்பத்தொன்பது கிலோவுக்குள் ஒரு மருமகள்

“உங்க பாசத்தையெல்லாம் என் தட்டுல கொட்டாதீங்க அத்தை. அதுக்கும் எடை இருக்கு.”

என் மருமகள் இதைச் சொன்னபோது அவள் தட்டில் இருந்தது ஒரே ஒரு கரண்டி சோறு. நான் இரண்டாவது கரண்டியைக் கவிழ்க்கப் போனேன், அவ்வளவுதான். தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நானும் சும்மா விடவில்லை. நீ இப்படியே காய்ந்து விழுந்தால் மாமியார் பட்டினி போட்டாள் என்று என்னைத்தான் சொல்வார்கள், விழுவதாக இருந்தால் உன் அம்மா வீட்டில் போய் விழு என்றேன். கரண்டியை நான் பானைக்குள் வீசிய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவள் படகு ஓட்டுகிறவள். மீன்பிடிப் படகு இல்லை, பந்தயப் படகு. ஊசி மாதிரி ஒல்லியாக, நீளமாக இருக்கும். ஒரு ஆள்தான் உட்காரலாம். உட்காரும் பலகைக்குச் சக்கரம் உண்டு, அது முன்னும் பின்னும் ஓடும். கைக்கொரு துடுப்பு. போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவாள். முதல்தடவை பார்த்தபோது, எங்கே போகிறோம் என்று பார்க்காமலே இந்த வேகத்தில் போகிறவளையா என் மகன் கட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், நானும் கல்யாணத்துக்கு அப்படித்தான் போனேன்.

அவள் அப்பா படகு கிளப்பில் காவல்காரர். படகு கழுவ அவரோடு போன பிள்ளை, பதின்மூன்று வயதில் ஒருநாள் ஏறி உட்கார்ந்தது. அதற்கப்புறம் இறங்கவில்லை. கல்யாணம் ஆன மறுவாரமே விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள். லாரி ஓட்டுகிற என் மகன் மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பவன், அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்தால், நாற்பது வருஷம் துணி துவைத்த என் கையைவிடக் காய்த்துப்போயிருக்கும்.

ஏரியிலிருந்து வந்து குளித்துவிட்டுப் பத்து மணிக்குப் பார்சல் ஆபீசுக்குப் போவாள். சாக்குக்கும் பெட்டிக்கும் எடை போட்டுச் சீட்டு ஒட்டுகிற வேலை. அங்கே அவளுக்குப் பெயர் ‘பொட்டலம்’. ஒருநாள் கூட வேலை செய்கிற பெண் வாசலில் நின்று, “பொட்டலம் இருக்காம்மா?” என்று கேட்டாள். எங்களுக்கு ஒன்றும் வர வேண்டியதில்லை என்று கதவைச் சாத்தப் பார்த்தேன். ஆள் குட்டையாக இருப்பதால் வைத்த பெயர் என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் எங்கள் ஏரிக்கே சர்வதேசப் போட்டி வந்தது. பதினெட்டு நாட்டுப் பெண்கள் வருகிறார்கள் என்றார்கள். எடை குறைந்த பெண்களுக்கு என்று தனிப் பிரிவு. அதில் ஓட்ட வேண்டுமானால் ஐம்பத்தொன்பது கிலோவைத் தாண்டக் கூடாது. இவள் சும்மா இருந்தாலே அறுபத்திரண்டு. இரண்டு மாதம் வாயைக் கட்டினாள். காலையில் ஒரு முட்டை, மதியம் வேகவைத்த காய், ராத்திரி அந்த ஒரு கரண்டி. குளியலறை மூலையில் முள் வைத்த பழைய தராசு ஒன்று கிடந்தது. தினமும் எழுந்ததும் அதில் ஏறி நிற்பாள். முள் சொல்வதுதான் அன்றைக்கு வீட்டில் எல்லாருடைய முகமும்.

தட்டுச் சண்டை நடந்த மறுநாள் அவள் ஏரிக்குப் போயிருந்தபோது நான் அந்தத் தராசைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பல்லுப் பல்லாக ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. திருகினால் முள் நகர்ந்தது. நான் ஏறி நின்று பார்த்து, இறங்கித் திருகி, மறுபடி ஏறி, ஒரு கிலோ குறைவாகக் காட்டும்படி வைத்தேன். எடை இறங்கிவிட்டது என்று நினைத்தாலாவது ரெண்டு வாய் தின்பாள் என்பதுதான் என் கணக்கு.

மறுநாள் காலையில் அவள் தராசில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற சத்தம் குளியலறையிலிருந்து கேட்டது. வெளியே வந்து என்னைப் பார்த்தாள். அன்றைக்கு இரண்டு முட்டை சாப்பிட்டாள். ராத்திரி இரண்டாவது கரண்டியைப் போட்டேன், தட்டை மூடாமல் தின்றாள். மூன்று வாரம் வீடு வீடாக இருந்தது. ஒரே குறை, சாயங்காலம் தினமும் வேர்த்து நனைந்து தாமதமாக வந்தாள். கேட்டால் பஸ் போய்விட்டது என்பாள். ஒருத்தி தினமுமா பஸ்ஸை விடுவாள், நீ என்ன பஸ்ஸை வழியனுப்பவா போகிறாய் என்று திட்டினேன்.

போட்டியன்று காலையில் அவளுடைய கோச்சின் வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மடியில் ரொட்டி, வாழைப்பழம், தேன் பாட்டில் எல்லாம் வைத்த பை. பேச்சுவாக்கில் கோச்சிடம், எடை கொஞ்சம் கூடிவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கடைசி வரிசையில் நிறுத்துவார்கள் என்பது மாதிரி ஏதோ என் மனதில் இருந்தது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “நூறு கிராம் கூடினாலும் பேரை அடிச்சிடுவாங்கம்மா. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்றார்.

நான் திருகி வைத்தது நூறு கிராம் இல்லை, ஒரு கிலோ. அன்று காலையில் வீட்டுத் தராசு ஐம்பத்தெட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியதை நானும் பார்த்திருந்தேன். அப்படியானால் நிஜத்தில் ஐம்பத்தொன்பதைத் தாண்டிவிட்டாள். பதின்மூன்று வயதில் ஏறி உட்கார்ந்தவளை என் இரண்டு விரல் இறக்கிவிடப் போகிறது. அவள் ஜன்னல் பக்கம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல்தடவையாக என் வாய் மூடிக் கிடந்தது.

ஏரிக்கரையில் ஒரு கூடாரம். பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது எடை பார்க்கத் தொடங்கி, ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடிவிடுவார்கள். வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள், அதற்கு மேல் சொந்தக்காரர்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே வெளிநாட்டுப் பெண்கள் ஒட்டிப்பிடித்த உடையில் வரிசையாக நின்றார்கள். எல்லாருடைய கன்னமும் ஒட்டிப்போயிருந்தது. இவள் கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினாள். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். வீட்டுத் தராசை நான்தான் திருகி வெச்சேன். ஒரு கிலோ கம்மியா காட்டுது.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“மொத நாளே தெரியும் அத்தை. ஆள் ஏறாதப்பவே முள்ளு பூஜ்ஜியத்துக்குக் கீழ கெடக்குது. நீங்க அதைப் பாக்கலையா?”

நான் பார்க்கவில்லை. நான் நின்றபோது என்ன காட்டியது என்று பார்த்தேனே தவிர, நிற்காதபோது என்ன காட்டுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

“அப்போ இவ்வளவு நாளா எடை எங்கடி பாத்த?”

“ஆபீஸ்ல. பார்சல் தராசுல. சர்க்கார் முத்திரை வெச்ச தராசு அது, கிராம் தப்பாது. தெனமும் ஆபீஸ் மூடுற நேரத்துக்கு ஏறி நிப்பேன். அதுக்குத்தான் எல்லாரும் பொட்டலம்னு கூப்பிடுறாங்க. எந்த ஊருக்கு அனுப்பணும்னு கேப்பாங்க.”

“அப்புறம் எதுக்கு ரெண்டு முட்டை தின்ன, சோறு தின்ன?”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கோபமாக இல்லை. பின்னால் நின்ற பெண்ணுக்கு வழி விட்டு ஒதுங்கினாள்.

“ராத்திரி உங்களோட மல்லுக்கு நின்னுட்டுக் காலையில துடுப்பைப் பிடிச்சா வீச்சு தப்புது. ஒரு கரண்டி சோறுன்னா ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு ஓடி வந்தா கரைஞ்சிடும். உங்க வாய்க்கு நான் எங்க ஓடுறது?”

அந்த மூன்று வாரம் அவள் எந்தப் பஸ்ஸையும் தவறவிடவில்லை. ஏறவே இல்லை. ஏழு கிலோமீட்டர், வேலை முடிந்த காலோடு, நான் போட்ட சோற்றைக் கரைக்க ஓடியிருக்கிறாள். நேற்று என்ன எடை என்று கேட்டேன். நேற்றுச் சரியாகத்தான் இருந்தது, இன்றைக்கு இவர்கள் தராசு என்ன சொல்லுமோ என்றாள். அப்போதுதான் அவள் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டாள்.

கூடாரத்துணிக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. இவள் கால் எனக்குத் தெரியும், குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அந்தக் கால் தராசில் ஏறியது. நின்றது. எண்ணைப் படிக்கிற அம்மாள் ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. பிளாஸ்திரிக் கால் இறங்கியது.

வெளியே வந்து, “அம்பத்தெட்டு எண்ணூறு” என்றாள்.

அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு வாழைப்பழம், தேன் ஊற்றிய நாலு துண்டு ரொட்டி, அப்புறம் அரை லிட்டர் தண்ணீர். நான் துண்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது துண்டை எடுத்தபோது, பந்தயம் இருக்கிறது, போதும் என்று நான்தான் பையை மூடினேன். அதைச் சொல்லி என் மகன் இன்றைக்கும் சிரிக்கிறான்.

பந்தயத்தில் ஆறு படகு. பாதித் தூரம் வரை இவள் கடைசி. அப்புறம் ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளி நாலாவதாக வந்தாள். மெடல் இல்லை. கரைக்கு வந்தவள் துடுப்பின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். அழுகிறாள் என்று ஓடினேன். “பசிக்குது அத்தை” என்றாள்.

அடுத்த மாதச் சம்பளத்தில் குளியலறைக்குப் புதுத் தராசு வாங்கி வந்தாள். கண்ணாடி மாதிரி, தட்டையாக, எண் எரிகிற தராசு. அதை என் கையில் கொடுத்து, திருப்பிப் பாருங்க என்றாள். திருப்பினேன். அடியில் சக்கரம் இல்லை, திருகு இல்லை, மழமழவென்று இருந்தது. விலை என்ன என்று கேட்டேன். என் இரண்டு விரலை நம்பாததற்கு அவள் கொடுத்தது இரண்டரை நாள் சம்பளம்.