அத்தானின் பங்கு

மொன்றியலில் எங்கள் சனத்துக்குக் கோயில் என்றால் எல்லாமே கோயில்தான். வெள்ளிக்கிழமை முருகனுக்கு அர்ச்சனை, ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கு மெழுகுதிரி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மலைப்பக்கம் இருக்கும் பெனடிக்ற் சபைத் துறவிகளின் பழைய மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அக்கா கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற வேலை எனக்கு. கிழமை முழுக்க நிற்கிற கால், ஞாயிறு ஒருநாள்தான் ஆறும்.

அத்தானுக்காக என்றார். அதற்குமேல் என்ன சொல்ல? அத்தானுக்கு ஈரலில் கட்டி. வெட்டி எடுக்கலாமா என்று வைத்தியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்டினால் ஆள் தப்பும், இல்லாவிட்டால் இல்லை. அத்தானுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை ஓடாது. வைத்தியர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை அக்காதான் அவருக்குத் தமிழில் சொல்வார். வியாழக்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். என்ன முடிவு என்று காரில் கேட்டேன்.

"பேந்து சொல்லுறன். நீ றோட்டைப் பார்" என்றார் அக்கா.

கல்லால் கட்டிய மடம். கீழே ஏரி. உள்ளே கறுப்பு அங்கித் துறவிகள் ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல பாட்டுத்தான், எனக்கு மனம் ஒட்டவில்லை. பூசையின் கடைசிப் பக்கம் சனம் நற்கருணை அப்பம் வாங்க எழுந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அக்கா வரிசையில் நின்றார்.

இடக்கைமேல் வலக்கையை வைத்து, தீர்த்தம் வாங்குவதுபோல் பணிவாக ஏந்தினார். குருவானவர் அப்பத்தை வைத்தார். அக்கா அதை வாயில் போடவில்லை. கையைப் பொத்திக்கொண்டு நேரே என்னிடம் வந்து இருந்தார்.

"வாயில போடுங்கோ அக்கா."

"இது அத்தானுக்கு."

படுத்திருப்பவருக்குப் பிரசாதம் கொண்டுபோவது எங்களுக்குச் சாதாரணம். இவர்களுக்கு அது ஆண்டவரின் உடல். வாங்கிய இடத்திலேயே உண்ண வேண்டும், வாசல் தாண்டக்கூடாது. இதை அக்காவின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வயதான துறவி ஒருவர் ஓரமாக நடந்து எங்களிடம் வந்துவிட்டார். கண்டுவிட்டார்.

மெதுவான பிரெஞ்சில், அம்மா அதை உண்ண வேண்டும் அல்லது தன்னிடம் தர வேண்டும் என்றார். அக்காவுக்குப் பிரெஞ்சு விளங்காது. தமிழில் சொன்னேன். அக்கா தலையாட்டி மறுத்தார். நோயாய் இருக்கிற கணவருக்காம் என்று துறவிக்கு விளக்கினேன். வருத்தக்காரர் கத்தோலிக்கரா, யாரையாவது அனுப்பலாமா என்று கேட்டார் துறவி. இல்லை, நாங்கள் சைவம் என்றேன். அவர் முகம் இறுகியது. அப்படியென்றால் வரிசைக்கே வந்திருக்கக் கூடாது என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எங்கள் கோயிலில் ஏந்திய கையைப் பார்த்து யாரும் சமயம் கேட்பதில்லை. ஆனாலும் பிழை எங்கள் பக்கம். முன் வரிசை வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையை விரியுங்கோ அக்கா, மானம் போகுது என்று அவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் இன்னும் இறுக்கினார்.

பிறகு துறவியைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்:

"அவரிட்டச் சொல்லு. வெட்டேலாதாம், எல்லா இடமும் பரவீட்டுதாம். வீட்ட வைச்சுப் பாக்கச் சொல்லிப்போட்டினம். இனி மருந்தும் இல்லையாம். இதையாவது நான் குடுக்க வேணும் எண்டு சொல்லு."

அம்மா என்ன சொல்கிறார் என்று துறவி கேட்டார். நான் அழ முதலே அதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

துறவி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கையை ஏந்தினார். வெகுநேரம் அப்படியே இருந்தார். கடைசியில் அக்கா விரல்களை விரித்தார். அப்பம் வியர்வையில் ஊறி நொறுங்கியிருந்தது. துறவி அதைத் துண்டு துண்டாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுக்காக மன்றாடுவதாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காருக்கு வந்தவுடன் என் கைபேசி அடித்தது. அத்தான். நல்ல உற்சாகமாகப் பேசினார். ஏரி தெரிகிறதா, சாமிமார் என்ன தந்தார்கள் என்று கேட்டார். பிறகு, "வியாழக்கிழமை டொக்டர்மார் வெட்டுறதுக்கு ஓம் எண்டிட்டினம். அக்கா உனக்குச் சொன்னவவே?" என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சீற் பெல்ற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அத்தான்" என்றேன். "வரேக்கையே சொன்னவ."