ஒன்பது பல்லுக்குச் சந்தனப் பொட்டு

சூடு இறங்கினால் அடிக்கிற மாதிரி ஒரு மணி பூட்ட வேண்டும். எங்கள் தோட்டத்தின் கொழும்பு ஆபீஸ், வயர் வேலைக்கு வந்த நப்ரீஸிடம் சொன்னது அவ்வளவுதான். பூட்டிவிட்டு அடித்துப் பார்த்தார். தேயிலை காய்கிற ட்ரையருக்கு முன்னால் நின்ற என் வீட்டுக்காரர் வீரய்யா திரும்பவே இல்லை. அதன் காற்றாடி இரைச்சலிலேயே நின்று நின்று அவருக்குக் காது போய்விட்டது. எனக்குத் தெரியும், கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ஆபீசுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நப்ரீஸ் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பையைத் துழாவி ஒரு சிவப்பு பல்பை எடுத்தார். மணி வயரோடு சேர்த்து, என் வீட்டுக்காரர் கண்ணுக்கு நேராக மாட்டினார்.

"இது எதுக்கு தம்பி?" என்றேன்.

"சும்மா பையில கெடந்திச்சு அக்கா. அழகுக்கு ஈக்கட்டும்."

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நப்ரீஸுக்குப் போன் திருத்தும் கடை. பாதிக் கடையில் அவர் மனைவி ஜிப்னா தையல் மெசின் போட்டிருந்தார். ஹாலிஎலவில் தண்ணீர் பம்பு, தெமோதரையில் தராசு என்று வாய் பேசாத மெசின்களுக்கெல்லாம் சிம் கார்டு போட்டுப் பேச வைப்பதுதான் அவர் தொழில்.

எங்கள் ட்ரையரின் சூடு கொழும்பில் இருப்பவர்களுக்கு உடனுக்குடன் தெரிய வேண்டுமாம். அதற்காக ஒரு பெட்டியும் பூட்டினார். நல்ல விஷயம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவது தெரிவதற்கு இன்னும் பெட்டி வரவில்லை போலிருக்கிறது, வந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

"சூடு பாக்கிற இந்த மீட்டர் பழசு அக்கா," என்று நப்ரீஸ் விளங்கப்படுத்தினார். "கொழுந்து நிறுக்க நீங்க வரிசையில நிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தா ஒன்டுக்குப் பின்னால ஒன்டுதான் அனுப்பும். இந்த வயர் அத பெட்டிக்குக் கொண்டு போகும். பெட்டி சிம்முல கொழும்புக்கு அனுப்பும்."

வயரின் நுனியில் ஒரு பிளக். அதற்குள்ளே ஒன்பது சின்னப் பற்கள்.

நான் சாமி கும்பிடுகிறவள். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. மெசின்களை எல்லாம் நிறுத்தி, கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்தோம். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஸ்ரீஸ்கந்தராஜா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், பக்தியானவர். அவர் பார்வை பெட்டியில் விழுந்தது.

"உதுவும் மெசின்தானே? உதுக்கும் ஓய்வு வேணும்" என்று பெட்டியின் சுவிட்சை அணைத்தார். வயரையும் கழற்றினார். பெட்டிக்கு மாலை போட்டார். பிளக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பல் இருக்கிற பக்கம்தானே முகம்? அந்த முகம் நிறையச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தார். படித்தவர். எங்களுக்கெல்லாம் அது தோன்றியிருக்காது.

மறுநாள் காலை அவரே வயரை மாட்டி, பெட்டியின் சுவிட்சைப் போட்டார். ட்ரையர் கொதித்துக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து போன் வந்தது: ட்ரையரில் சூடு சைபர் என்று காட்டுகிறதாம். மணி அடித்தது. சிவப்பு பல்ப் எரிந்தது. ஐயா ஓடி வந்தார். அனலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"சூடு இல்லையாம்! விறகு போடு, போடு!"

என் வீட்டுக்காரர் கையை ட்ரையர் பக்கம் நீட்டிக் காட்டி, "நல்லா சூடா இருக்குங்களே?" என்றார்.

ஐயா பல்பைக் காட்டினார், விறகைக் காட்டினார். "பெட்டி சொல்லுது! நீ என்ன பெட்டியை விடப் பெரிய ஆளோ?"

என் வீட்டுக்காரர் விறகு போட்டார். சைபர். இன்னும் போட்டார். அப்போதும் சைபர். அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் தேயிலை காயவில்லை, கரி காய்ந்தது. கொழும்பு மட்டும் கடைசி வரை குளிரிலேயே இருந்தது.

பிறகு, யார் மேல் பிழை என்று கொழும்பிலிருந்து கேட்டு வந்தது. ஐயா ட்ரையருக்குப் பக்கத்திலேயே நின்று போனில் சொன்னார்:

"ட்ரையர்க்காரனுக்குக் காது கேக்காது போல கிடக்கு, சேர். ஆளை நிப்பாட்டத்தான் வேணும்."

அப்போதுதான் அவருக்கு அது தெரிந்ததா, முன்பே தெரிந்து பத்திரமாக வைத்திருந்தாரா, பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியாமல், சிரித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைப் பார்த்துச் சொல்லும்படி நப்ரீஸைக் கூப்பிட்டார்கள். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்பது பல்லும் சந்தனத்தில் காய்ந்து இறுகியிருந்தன. ஐயா கூரையைப் பார்த்தார். நான் நப்ரீஸைப் பார்த்தேன். பெட்டியில் கோளாறு இல்லை என்று நப்ரீஸ் சொன்னதும், கொழும்பு ஆபீஸ்காரர் போனில் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"பெட்டி சரி என்றால், அந்த ட்ரையர்க்காரன்தானே பிழை?"

"அவர்ல ஒரு பிழையும் இல்ல சேர். பல்ப் எரிஞ்சிச்சு, பாத்தாரு. சொன்னத செஞ்சாரு. பிளக்குக்குள்ள அழுக்கு போயிரிச்சு. மூடி போடாம விட்டது நான்."

"அப்ப உங்கட பிழை."

"ஓம் சேர். என்ட பிழை."

பொய் சொல்லவில்லை. மூடி போடாதது நிஜம்தான். அந்த அழுக்கின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் வேலை தப்பியது. ஐயா வேலையும் தப்பியது. அதற்கு நன்றியாக ஐயா நப்ரீஸுக்கு ஒரு கோப்பை டீ வரவழைத்துக் கொடுத்தார், கருகாத தூளில். நப்ரீஸிடமிருந்த வேலையைக் கொழும்பு ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தது. அவர்கள் ஆட்கள் சப்பாத்தும் கழுத்துப் பட்டியுமாக வந்து, பெட்டியைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மூடி இன்னும் வரவில்லை.

தன் சாமான்களை எடுக்க நப்ரீஸ் ஒருநாள் வந்தார். கத்தாருக்குப் போகிறாராம், கடையை ஜிப்னா பார்த்துக்கொள்வாராம். நான் பிள்ளையாருக்கு வைத்த வாழைப்பழத்தில் இரண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்தபடி நின்றார், விடவில்லை. நப்ரீஸ் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு பைக்கில் ஏறினார்.

"பல்ப கழட்டல அக்கா, அது என்ட, இங்கயே ஈக்கட்டும். பியூஸ் போனா கடையில சாதாரண பல்பு வாங்கிப் போடுங்க. இன்னொன்டு, அடுத்த பூஜைக்கு நீங்களே முந்திக்கிட்டு பெட்டிக்கு மேல பொட்ட வச்சிருங்க. பிளக்குக்கு உள்ளுக்கு வச்சா சூடு சாமிக்கு மட்டும்தான் தெரியும், கொழும்புக்குத் தெரியாது."